ஒரு வீட்டுக்கு ஒரு படிப்பு

வரகனேரி, திருச்சி
12-2-1967

எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் கணவருக்கு,

இந்த விலாசத்தை எழுதுவதற்குள் இரண்டு உறையைப் பாழாக்கிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு மேலாக மெட்ராஸ் ஹாஸ்டல் விலாசம் எழுதிப் பழகிய கை. நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பீர்கள், ஒரு பஸ் தூரத்தில்.

அப்பா இன்று காலை மெட்ராஸிலிருந்து திரும்பினார். எதற்குப் போனார் என்று கேளுங்கள். போன வாரம் நம் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிற அம்மாசி, "முதலாளி, பால்பண்ணை ஸ்டாப்புல நம்ம என்ஜினீயர் மாப்பிள்ளையப் பாத்தேங்க. கையில தூக்குச்சட்டி வச்சிருந்தாரு" என்று சொல்லியிருக்கிறான். "கண்ணுல பூ விழுந்திருக்கு, போய்க் காட்டுடா" என்று அப்பா விரட்டிவிட்டார். மண்டியே சிரித்ததாம். ஆனாலும் அவருக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "மாப்பிள்ளைக்கு ஒரு பூவன் தார் கொடுத்துட்டு வரேன்" என்று ரயிலேறிவிட்டார்.

உங்கள் அறைக் கதவைத் தட்டினால் யாரோ ஒரு பையன் பல் தேய்த்துக்கொண்டே திறக்கிறான். உங்கள் கட்டிலில் அவன் படுக்கை. "ரெங்கராஜா? அவர் போயி ஆறேழு மாசம் ஆச்சே சார்" என்றானாம். அப்பாவுக்குத் தோளிலிருந்த தாரை இறக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றிருக்கிறார். சத்தம் கேட்டு உங்கள் சிநேகிதர் ரங்கசாமி ஓடிவந்திருக்கிறார். வாழைத்தாரோடு நிற்கிற மனிதரிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உங்கள் விலாசம் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், ஏன் படிப்பை விட்டீர்கள் என்பதைத் தவிர.

ஆக, நான் மெட்ராஸுக்கு எழுதின கடிதங்களை அவர் வேறு உறையில் போட்டுத் திருச்சிக்கே அனுப்பினார். நீங்கள் திருச்சியில் எழுதின பதிலை அவர் மெட்ராஸில் தபாலில் சேர்த்தார். ஐயோ, என்ன கூத்து இது! "இங்கே கடற்கரைக் காற்று சுகமாக இருக்கிறது" என்று பொங்கலுக்கு எழுதினீர்களே, அது எந்தக் கடற்கரை? உய்யக்கொண்டான் வாய்க்காலா?

உங்களைப் படிக்க வைக்கிறேன் என்று சொல்லிப் பெண் கொடுத்தவர் அப்பா. படிப்பு முடியட்டும், பிறகு குடித்தனம் என்று என்னை இங்கேயே வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நீங்களும் அத்தையும் தலையாட்டினீர்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் (பி.இ. படிப்பு) என்று அச்சடித்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாரே, வந்ததும் வராததுமாக அதைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்.

பரீட்சையில் தோற்றீர்களா? ஏதாவது தப்பு செய்து விரட்டிவிட்டார்களா? வேறு ஒருத்தி இருக்கிறாளா? எதுவானாலும் எழுதுங்கள். நேரில் வர வேண்டாம். வந்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

மட்டுவார்குழலி


எடமலைப்பட்டி புதூர்
15-2-1967

அன்புள்ள குழலிக்கு,

தபால்காரர் முதல் தடவையாக உன் கையெழுத்தை நேராக என் கையில் கொடுத்தார். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவாயா? அடுத்த நொடிதான் புரிந்தது. அப்படியே பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

தோற்கவில்லை. யாரும் விரட்டவில்லை. வேறு ஒருத்தியா? கடவுளே! கட்டின உன்னையே நான் இன்னும் சரியாகப் பார்த்துப் பேசி முடிக்கவில்லை.

எங்கள் ஹாஸ்டலில் அற்புதசாமி என்று ஒரு சீனியர் இருந்தார். லால்குடிக்காரர். முதல் வகுப்பில் தேறினவர். தேறின மறு வருஷம் பெட்டியோடு ஹாஸ்டலுக்கே திரும்பி வந்தார். வேலை இல்லை. அவரோடு தேறினவர்களில் பாதிப்பேருக்கு இல்லை. பகலெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். வார்டனுக்குத் தெரியாமல் என் அறையில் தரையில் படுத்துக்கொள்வார். என் தட்டிலிருந்து பாதிச் சோறு. ஒருநாள் நான் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "நல்லா வரையிறீங்க தம்பி. யாருக்கு வரையிறீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

சர்க்கார் காலேஜ்தானே, ஃபீஸ் ஒன்றும் பெரிதில்லை என்று மாமா ஆரம்பித்தார். ஃபீஸா பெரிது? மெஸ் பில், டிராயிங் போர்டு, ஸ்லைடு ரூல், பூட்ஸ், ஒர்க்‌ஷாப் உடுப்பு என்று அது பாட்டுக்கு வளர்ந்தது. லீவில் மண்டிக்கு வந்தால் மாமா தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்கார வைப்பார். சுமை தூக்குகிறவர்கள் வியர்வை பட்டுவிடுமோ என்று ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இத்தனையும் போட்டு, கடைசியில் நானும் எவன் அறையிலாவது தரையில் படுக்கவா?

போன வருஷ லீவில் இங்கே முஜிபுர் ரஹ்மான் பாயின் பட்டறையைப் பார்த்தேன். புதிய பாய்லர் தொழிற்சாலைக்கு வேலை செய்துகொடுக்கிறார்கள். "வெல்டிங் கத்துக்கிட்டா மறுமாசமே சம்பளம் தம்பி" என்றார். சேர்ந்துவிட்டேன். காலேஜுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். இன்று என் கையில் தொழில் இருக்கிறது. அற்புதசாமி கையில் பட்டம் இருக்கிறது. இரண்டையும் தராசுத் தட்டில் வைத்து நீயே நிறுத்துப் பார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்காலர்ஷிப் கிடைத்தது, இனி பணம் அனுப்ப வேண்டாம் என்று மாமாவுக்கு எழுதினேனே, அது பொய். விட்ட படிப்புக்கு அவர் பணத்தை வாங்கக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.

மாமாவிடம் நீ சொல். எனக்குத் தைரியம் இல்லை.

ரெங்கராஜ்


வரகனேரி
20-2-1967

மெட்ராஸ் மாப்பிள்ளைக்கு,

அந்த ஸ்காலர்ஷிப்புக்காக அப்பா மண்டி முழுக்க லட்டு கொடுத்தார். அம்மாசி இரண்டு வாங்கித் தின்றான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் உங்கள் தட்டில்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஒரு சீப்புப் பழத்தோடு அத்தையைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். தெருவெல்லாம் எலெக்‌ஷன் கூச்சல். அது ஒன்றும் என் காதில் விழவில்லை. மகன் படிப்பை விட்டுவிட்டான் என்று கேட்டால் அந்த அம்மாள் விழுந்துவிடுவாரே, எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வார்த்தை தேடிக்கொண்டே போனேன். காவேரிப் பாலத்தில் அழுகைகூட வந்தது. போனதும், "அத்தை, உக்காருங்க. ஒரு சேதி சொல்லணும்" என்று கையைப் பிடித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சுபோச்சா? ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தப்பவே கேட்டேன், எத்தனை நாளைக்குடா நான் மறைக்கிறதுன்னு" என்றார்.

உட்கார்ந்தது நான்தான்.

வாராவாரம் பழத்தை வாங்கிக்கொண்டு, "மெட்ராஸ்ல எம் புள்ளைக்கு இந்தப் பழம் கிடைக்குமா" என்று பெருமூச்சு விட்டவர் அவர். வெள்ளிக்கிழமை நான் கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உரித்திருக்கிறீர்கள். இனிப்பாக இருந்ததா? என் ஒருத்திக்குத்தான் தெரியாது. அடப்பாவி என்று எழுதக் கூடாது, நீங்கள் என் புருஷன்.

நிறுத்துப் பார் என்றீர்கள். பார்த்தேன். நீங்கள் தட்டில் வைக்காத ஒன்று இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் ஸ்கூலுக்கே முதலாக வந்தவள். இது உங்களுக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது, பொரியல் யார் செய்தது என்றுதான் கேட்டீர்கள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு தேடி வந்து, "கணக்குல நூத்துக்கு நூறு வாங்கியிருக்கா. காலேஜுல சேர்த்துடுங்க" என்று அப்பாவிடம் மன்றாடினார். அப்பா யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மண்டி வருமானத்துக்கு ஒரு படிப்புதாம்மா தாங்கும். நீ படிக்கிறியா? இல்ல, நல்லாப் படிக்கிற ஏழைப் பையனாப் பாத்துக் கட்டிவச்சு அவனப் படிக்க வைக்கட்டுமா? நீயே சொல்லு" என்றார்.

நானே சொன்னேன். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். நான் பி.எஸ்ஸி. படித்தால் டீச்சர் சம்பளம். வருகிறவர் பி.இ. படித்தால் என்ஜினீயர் சம்பளம். ஒரே செலவுக்கு எது லாபம்? நூற்றுக்கு நூறு வாங்கின மூளை அழகாகக் கணக்குப் போட்டு, "அவரைப் படிக்க வைங்கப்பா" என்றது.

உங்கள் படிப்பை நீங்கள் விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறீர்கள். அது உங்கள் படிப்பு இல்லை. என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

மட்டுவார்குழலி


எடமலைப்பட்டி புதூர்
23-2-1967

குழலி,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"எனக்கு மகன் இல்ல. நீங்கதான் மாப்பிள்ளை" என்று மட்டும்தான் மாமா சொன்னார். இன்னொருத்தர் எழுந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. மண்டி நாற்காலிக்கே கூசினவன் நான். இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நேற்றெல்லாம் யோசித்து ஒரு நல்ல தகட்டை ஓட்டை போட்டுவிட்டேன். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார் பாய்.

மறுபடி சேர முடியுமா என்று காலேஜில் கேட்கச் சொல்லி ரங்கசாமிக்குத் தந்தி கொடுத்தேன். என் பெயரை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மாமா கதவைத் தட்டியபோது பல் தேய்த்துக்கொண்டு நின்றானே, அவனாகக்கூட இருக்கலாம்.

எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருக்கிறது. குழாய் உள்ளேயே. நீ வந்துவிடு. உன்னை ஒரு குறையில்லாமல் வைத்துக்கொள்வேன்.

ரெங்கராஜ்


வரகனேரி
2-5-1967

அன்புள்ள அவர்களுக்கு,

இரண்டு மாதமாக நான் பதில் எழுதவில்லை. ஐந்து கடிதம் போட்டுவிட்டீர்கள், எல்லாவற்றிலும் அந்தக் குழாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

டவுனில் பெண்கள் காலேஜுக்குப் போய்க் கேட்டேன். கல்யாணமானவளைச் சேர்த்துக்கொள்வார்களா, ஸ்கூலை விட்டு நாலு வருஷம் ஆனவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று. அங்கே இருந்த அம்மாள் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்டார். அதை விடுங்கள். சேர்த்துக்கொள்கிறார்கள். பி.யு.சி. ஒரு வருஷம், பி.எஸ்ஸி. கணக்கு மூன்று வருஷம். பட்டம் கொடுப்பது அதே யூனிவர்சிட்டி. உங்களுக்கு வரவேண்டியிருந்த அதே முத்திரை.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டார். "ஒரு தடவை படிப்புல போட்டேன். அது பட்டறையில பொறியாப் பறக்குது. இனிமே இந்த வீட்டுலேருந்து படிப்புக்குன்னு ஒரு பைசா போகாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மண்டியில் ஸ்காலர்ஷிப் லட்டைச் சொல்லிச் சொல்லி அவரைக் குத்துகிறார்கள்.

ஆகையால் நீங்கள்தான் கட்டவேண்டும். தயவு கேட்கவில்லை, சொல்கிறேன். நாலு வருஷமும். குழாய் உள்ளே இருக்கிற வீட்டை வேறு யாருக்காவது விடச் சொல்லுங்கள்.

குழலி


எடமலைப்பட்டி புதூர்
6-5-1967

அன்புள்ள குழலிக்கு,

திகைத்துப் போனேன். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

நாலு வருஷம் என்றால் சும்மாவா? நீ முடிக்கும்போது உனக்கு இருபத்து நாலு வயது ஆகிவிடும். பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு இன்று என்ன வேலை இருக்கிறது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். அதற்கு மேல் டீச்சர் டிரெயினிங் ஒரு வருஷம். பிறகு எங்காவது தொட்டியத்திலோ முசிறியிலோ வேலை. போட்ட செலவு திரும்ப எத்தனை வருஷம் ஆகும்? நடுவில் குழந்தை பிறந்தால் எல்லாமே வீண். இப்போதே வந்து குடித்தனம் வைத்தால் நாலு வருஷத்தில் நாம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? நிதானமாகக் கணக்குப் போட்டுப்

இங்கே நிறுத்திவிட்டேன் குழலி. மேலே எழுதினதைப் படித்துப் பார்த்தேன். எழுதினது நானா, மாமாவா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இதைக் கிழித்துவிட்டு நல்லவன் மாதிரி வேறு கடிதம் எழுதலாம். உன்னிடம் மறைத்ததெல்லாம் போதும். அப்படியே அனுப்புகிறேன்.

கட்டுகிறேன். அட்வான்ஸைத் திருப்பி வாங்கப் போகிறேன்.

ரெங்கராஜ்


வரகனேரி
9-5-1967

அன்புள்ள அவர்களுக்கு,

உங்கள் கணக்கில் தப்பில்லை. நானும் போட்டுப் பார்த்துவிட்டேன், நஷ்டம்தான். அன்று நான் போட்டதும் சரியான கணக்குத்தான். அப்பாவிடம் எது லாபம் என்று சொன்னேன். எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆசையாக இருக்கிறது. வேறு காரணம் கிடையாது.

பணம் கட்டக் கடைசி நாள் ஜூன் 24.

குழலி


எடமலைப்பட்டி புதூர்
25-6-1967

அன்புள்ள குழலிக்கு,

நேற்று என்ன நடந்தது என்று மாமா உன்னிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலேஜ் ஆபீஸில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி ஒரு துண்டு போட்ட முதுகு. வாழைக்கறை படிந்த துண்டு. நழுவிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மடியைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், ஏதோ திருடும்போது பிடிபட்ட மாதிரி.

"நீங்க எங்க இங்க?" என்றார்.

"குழலிக்குப் பணம் கட்ட வந்தேன் மாமா."

அவர் முறை வந்தது. உன் பெயரைச் சொன்னார். நானும் பின்னாலிருந்து, "அத நான் கட்டுறேங்க" என்று கையை நீட்டிவிட்டேன். குமாஸ்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பொண்ணுக்கு ரெண்டு பேர் கட்டுறீங்களா? யாராவது ஒருத்தர் கட்டுங்கய்யா" என்றார்.

மாமா என் கையைப் பார்த்தார். புறங்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். "இதெல்லாம் என்ன, தீயா?" என்றார். "பொறி மாமா. வலிக்காது" என்றேன். விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தன் பணத்தை வைத்தார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று சொன்னார்: "நீயே சொல்லுன்னு அன்னிக்கு அவளக் கேட்டேன் மாப்பிள்ளை. விட்டுக்கொடுத்துடுவான்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

குழலி, அவர் துண்டு தோளிலிருந்து நழுவியது. எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் என்னுது. மிச்ச மூணு வருஷம் நீங்க பாத்துக்குங்க" என்றார். பஸ் ஏறும்போது, "ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல சாப்பிடுறீங்களாமே. அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரலாமா? நேரில் வர வேண்டாம் என்று நீ எழுதினது இன்னும் அப்படியே இருக்கிறது.

ரெங்கராஜ்


வரகனேரி
5-7-1967

அன்புள்ள அத்தான்,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் இலையில் மூன்றாவது தடவை சாதம் வைத்தபோது போதும் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அப்பா வேப்பமரத்தடியில் சொன்னதை மட்டும் என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் எழுதித்தான் தெரிந்தது. படித்துவிட்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். நாலு வருஷமாக அதை நானே எடுத்த முடிவு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே! அவரிடம் கேட்கப்போவதில்லை. காலையில் அவரே காலேஜ் பஸ் ஸ்டாப்புவரை வந்து நிற்கிறார். கூடத்தில் அந்தப் பத்திரிகை இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதுவும் ஒருநாள் திரும்பும், அவசரமில்லை.

வகுப்பில் எல்லோரும் பதினாறு வயதுப் பிள்ளைகள். என்னை "அக்கா" என்கிறார்கள். முதல் நாளே கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, "யாருக்கு வரும்?" என்றார் டீச்சர். எனக்கு வந்தது. எழுந்து சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும், "குழலிய எப்ப அனுப்புவீங்க மாமா?" என்று கேட்டீர்கள். அப்பா என்னைப் பார்த்தார். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். இந்த வீட்டில் யாரும் என் பதிலுக்காக இப்படிக் காத்திருந்தது கிடையாது. உள்ளே ஓடிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் அத்தையும் தலையாட்டின வழக்கம்தான். படிப்பு முடியட்டும், பிறகு குடித்தனம். இன்னும் நாலு வருஷம் நீங்கள் புதூரில்தான் இருக்கவேண்டும். நான் இருந்தேனே, அதே மாதிரி.

இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் காலேஜ் இருக்கிறது. அத்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்ரீரங்கம் வர முடியும். நீங்களும் அங்கேதானே சாப்பிடுவீர்கள்? பழம் நான் கொண்டுவருகிறேன். இனிமேல் என் கண் முன்னால் உரியுங்கள்.

உங்கள்
குழலி